பாகப்பிரிவினைக் கணக்கு

கூட்டுக் குடும்பத்திலிருந்து ஒரு மகன் பிரிந்து தனிக்குடித்தனம் போனால் ஊரில் இருவகைப் பேச்சு எழுவது இயல்பு. "போனதால் கெட்டான்" என்பர் சிலர். "போனதால் பிழைத்தான்" என்பர் வேறு சிலர். அவன் வீட்டில் அரிசிப் பானை குறைந்தால் முதல் சாரார் தலையசைப்பர். அவன் புதுச் சைக்கிள் வாங்கினால் இரண்டாம் சாரார் மகிழ்வர். ஆனால், அவன் பிரியாமலே இருந்திருந்தால் இன்று எப்படி இருந்திருப்பான் என்று எவராலும் காட்ட இயலாது. வாழப்படாத வாழ்வுக்குச் சாட்சி இல்லை. பேச்சு ஓயாமைக்குக் காரணமும் அதுவே.

ஒரு வீட்டில் நிகழும் இவ்வழக்கு ஒரு பெருநாட்டில் நிகழ்ந்தால் எப்படியிருக்கும் என்பதைப் பிரிட்டன் நமக்குக் காட்டியிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் நீடிப்பதா, விலகுவதா என்று 2016ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் நாள் அந்நாட்டு மக்கள் வாக்களித்தனர். விலக வேண்டும் என்றோர் 1 கோடியே 74 இலட்சம் பேர். நீடிக்க வேண்டும் என்றோர் 1 கோடியே 61 இலட்சம் பேர். நூற்றுக்கு 52 பேர் ஒரு பக்கம், 48 பேர் மறுபக்கம். ஆண்டுகள் பல கடந்தும், "இதனால் நாடு ஏழையாயிற்றா, இல்லையா?" என்னும் வழக்கு தீர்ந்தபாடில்லை. அவ்வழக்கை இம்மாதம் சற்று நிதானமாக ஆராய்வோம்.

சேர்ந்த கதை

இரண்டாம் உலகப் போருக்குப் பின், இனியொரு போர் வேண்டாம் என்னும் எண்ணத்தில் பிரான்சு, ஜெர்மனி, இத்தாலி முதலிய ஆறு நாடுகள் முதலில் நிலக்கரியிலும் எஃகிலும் கூட்டுச் சேர்ந்தன. 1957இல் உரோமை நகரில் செய்துகொண்ட உடன்படிக்கையால் பொதுச் சந்தை பிறந்தது. பிரிட்டன் தொடக்கத்தில் ஒதுங்கி நின்றது. பிறகு சேர விரும்பியபோது பிரெஞ்சு அதிபர் டி கோல் 1963இலும் 1967இலும் கதவை அடைத்தார். அவர் காலத்திற்குப் பின், 1973 ஜனவரி 1ஆம் நாள் பிரிட்டன் உள்ளே வந்தது. இரண்டே ஆண்டுகளில், 1975இல், நீடிப்பதா என்று மக்களைக் கேட்டபோது மூன்றில் இரு பங்கினர் "ஆம்" என்றனர்.

பொதுச் சந்தை பின்னர் ஐரோப்பிய ஒன்றியமாக வளர்ந்தது. சரக்கு, பணம், சேவை, மனிதர் ஆகிய நான்கும் எல்லைத் தடையின்றிச் செல்லலாம் என்றாயிற்று. 2004இல் கிழக்கு ஐரோப்பிய நாடுகள் பல சேர்ந்தபோது, போலந்து முதலிய நாடுகளிலிருந்து தொழிலாளர் பெருந்திரளாகப் பிரிட்டனுக்கு வந்தனர். 2008இல் வங்கிகள் சரிந்தன. அதனைத் தொடர்ந்து அரசு செலவுகளைச் சுருக்கியது. மருத்துவமனையில் காத்திருப்பு நீண்டது, ஊதியம் உயரவில்லை. குறைகளுக்கெல்லாம் காரணம் பிரஸ்ஸல்ஸ் நகரத்து அதிகாரிகளே என்ற பேச்சு வலுத்தது. தம் கட்சிக்குள் எழுந்த பூசலை அடக்க எண்ணிய பிரதமர் டேவிட் காமரூன், பொதுவாக்கெடுப்பு நடத்துவதாக 2013இல் வாக்களித்தார்.

பேருந்தில் எழுதிய கணக்கு

வாக்கெடுப்புக்கு முன் இரு தரப்பாரும் மக்கள் முன் எண்களை வைத்தனர். விலக வேண்டும் என்றோர் ஒரு சிவப்புப் பேருந்தின் பக்கத்தில், வாரந்தோறும் 35 கோடி பவுன் ஒன்றியத்திற்குப் போவதாக எழுதி, அப்பணத்தை மருத்துவப் பணிக்குத் தரலாம் என்று ஊர் ஊராக ஓட்டினர். மார்கரெட் தாட்சர் 1984இல் போராடிப் பெற்ற தள்ளுபடி அக்கணக்கில் கழிக்கப்படவில்லை. தள்ளுபடி போக 2015இல் செலுத்தியது வாரத்திற்குச் சுமார் 25 கோடி பவுனே. அதிலும் கணிசமான தொகை உழவர்க்கு மானியமாகவும் பின்தங்கிய பகுதிகளுக்கு உதவியாகவும் திரும்பி வந்தது. நாட்டின் புள்ளிவிவர ஆணையமே அக்கணக்கு மக்களைத் தவறாக எண்ண வைப்பது என்று கண்டித்தது. பேருந்து நிற்கவில்லை.

மறுபக்கத்தாரும் குறைந்தவரல்லர். நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன், விலகினால் 2030ஆம் ஆண்டளவில் ஒவ்வொரு குடும்பத்திற்கும் ஆண்டுக்கு 4,300 பவுன் இழப்பு நேரும் என்றார். நாட்டின் மொத்த உற்பத்தியில் குறையக்கூடிய தொகையைக் குடும்பங்களின் எண்ணிக்கையால் வகுத்துக் கிடைத்த ஈவு அது. குடும்பத் தலைவியின் கைப்பையில் குறையும் பணம் அதுவன்று. ஆனால் கேட்டவர்க்கு அப்படித்தான் ஒலித்தது. விலக வாக்களித்தாலே போதும், உடனே ஓராண்டு மந்தம் வரும், 5 இலட்சம் பேர் வேலையிழப்பர் என்றும் நிதித்துறை எச்சரித்தது.

வாக்கு எண்ணிய இரவே பவுனின் மதிப்பு டாலருக்கு எதிராக முப்பது ஆண்டுகள் காணாத அளவுக்குச் சரிந்தது. இறக்குமதிப் பொருள்களின் விலை ஏறியது. ஆண்டுக்கு ஒரு விழுக்காட்டிற்கும் குறைவாக இருந்த விலையேற்றம் 2017 இறுதியில் 3 விழுக்காட்டைத் தொட்டது. எனினும் அச்சுறுத்திய மந்தம் வரவில்லை. வேலையில்லாதோர் தொகை குறையவே செய்தது. "நிபுணர்கள் சொன்னது என்னவாயிற்று?" என்று விலகலை ஆதரித்தோர் கேட்டனர். கேட்பதற்கு அவர்களுக்கு உரிமை இருந்தது. மிகைப்படுத்திய அச்சம் பொய்த்ததும், மிகைப்படுத்தாத எச்சரிக்கையும் மதிப்பிழந்தது. ஓநாய் வருகிறது என்று முன்கூட்டியே கூவிய இடையனின் நிலை நிதித்துறைக்கு நேர்ந்தது.

ஆனால் ஒன்றை இங்கே மறக்கலாகாது. 2016இல் நடந்தது வாக்கெடுப்பு மட்டுமே. முறைப்படி விலகியது 2020 ஜனவரி 31ஆம் நாள். பொதுச் சந்தையை விட்டு உண்மையாகவே வெளியேறியது அவ்வாண்டு டிசம்பர் 31ஆம் நாள் நள்ளிரவில். நோயாளி மருந்தை அருந்துமுன்னரே, "பார்த்தீர்களா, ஒன்றும் ஆகவில்லை" என்று இரு தரப்பும் நாடி பிடித்துக்கொண்டிருந்தன எனலாம்.

எதனோடு ஒப்பிடுவது?

இவ்வழக்கில் கேட்க வேண்டிய முதற் கேள்வி இதுவே. விலகிய அதே வேளையில் கொரோனா நோய் உலகை முடக்கியது. 2020இல் மட்டும் பிரிட்டனின் உற்பத்தி பத்தில் ஒரு பங்கு அளவுக்கு வீழ்ந்தது. நோய் தணியுமுன் 2022இல் உக்ரைன் போர் மூண்டு எரிவாயு விலை விண்ணைத் தொட்டது. ஒரே ஆண்டில் வெள்ளமும் பூச்சியும் வந்த வயலில், எந்தக் கதிர் எதனால் போயிற்று என்று பிரித்துச் சொல்வது எளிதா?

பொருளாதார அறிஞர் ஒரு வழி கண்டனர். 2016க்கு முன் பிரிட்டனைப் போலவே வளர்ந்து வந்த நாடுகள் சிலவற்றைத் தேர்ந்து, அவற்றைத் தக்க அளவில் கலந்து, காகிதத்தில் ஓர் இரட்டைப் பிரிட்டனைப் படைத்தனர். அந்த இரட்டைக்கும் நோய் உண்டு, போர் உண்டு. விலகல் மட்டும் இல்லை. மெய்யான பிரிட்டன் அதற்கு எவ்வளவு பின்தங்கியுள்ளதோ அதுவே விலகலின் விலை என்றனர். இம்முறையையும், நிறுவனங்களிடம் நேரே கேட்டறிந்த விவரங்களையும் கொண்டு 2025இல் ஐந்து அறிஞர்கள் வெளியிட்ட ஆய்வொன்று, நாட்டின் உற்பத்தி 6 முதல் 8 விழுக்காடு வரை குறைந்துவிட்டதாகக் கூறுகிறது. அரசின் வரவு செலவைச் சார்பின்றி மதிப்பிடும் பொறுப்பு அலுவலகமோ, நெடுங்காலத்தில் உற்பத்தித் திறன் 4 விழுக்காடு குறையும் என்னும் தன் மதிப்பீட்டில் நிற்கிறது. அந்த 4 விழுக்காடும் சிறிதன்று. முழுமையாக வந்து சேரும்போது, இன்றைய அளவில் ஆண்டுக்குப் பத்தாயிரம் கோடி பவுனுக்கு மேலாகும்.

மறுதரப்பாரின் விடையையும் கேட்போம். "உங்கள் இரட்டை யார்? அமெரிக்காவை அதில் சேர்த்தால், அந்நாட்டின் எண்ணெய் வளமும் கணிப்பொறித் தொழிலும் தந்த வளர்ச்சியைப் பிரிட்டனுக்கும் உரியதென எண்ணிவிடுகிறீர்கள். பக்கத்திலுள்ள ஜெர்மனியைப் பாருங்கள். ஒன்றியத்திற்குள்ளேயே இருந்தும் அண்மை ஆண்டுகளில் அது பிரிட்டனைவிடக் குறைவாகத்தானே வளர்ந்தது?" என்கின்றனர். இதில் நியாயம் இல்லாமலில்லை. எனினும் ஜெர்மனியின் தளர்ச்சிக்கு உருசியாவின் எரிவாயுவை அது பெரிதும் நம்பியிருந்தது ஒரு தனிக் காரணம். அடுத்த வீட்டுக்காரனுக்கும் காய்ச்சல் என்பதனால் நம் வீட்டுக் காய்ச்சல் இல்லையென்று ஆகிவிடாது. ஆராய்ந்தோரில் மிகப் பெரும்பாலோர் இழப்பு உண்டு என்பதில் ஒன்றுபடுகின்றனர். அதன் அளவில்தான் வேறுபடுகின்றனர்.

சுங்கச் சாவடியில் நின்ற நண்டு

எண்கள் மயங்கினாலும் சில காட்சிகள் தெளிவானவை. 2020 கிறிஸ்துமசுக்கு முந்தைய நாள் முடிவான வாணிப உடன்பாட்டின்படி, இரு தரப்புக்குமிடையே சுங்க வரி இல்லை. ஆனால் வரி இல்லையென்பதும் தடை இல்லையென்பதும் ஒன்றல்ல. சரக்கு எங்கே உருவானது என்பதற்குச் சான்று, சுங்கப் படிவம், உணவுப் பொருளாயின் கால்நடை மருத்துவரோ சுகாதார அதிகாரியோ ஒப்பமிட்ட சான்றிதழ் ஆகியவை புதிதாக வேண்டியிருந்தன.

2021 ஜனவரியில் ஸ்காட்லாந்துக் கடற்கரையில் இதன் விளைவு தெரிந்தது. அங்கே பிடிபடும் நண்டும் கூனியிறாலும் மறுநாளே பிரான்சின் சந்தைக்குப் போவது வழக்கம். படிவங்கள் நிரம்பாமல் வண்டிகள் நின்றன. உயிரோடு போக வேண்டிய சரக்கு வழியிலேயே கெட்டது. ஏலத்தில் மீன் விலை சரிந்தது. கடலுணவு வாணிபர் தம் லாரிகளை இலண்டனுக்கே ஓட்டிச் சென்று நாடாளுமன்றத்திற்கருகே நிறுத்தி முறையிட்டனர். விலகல் இயக்கம் தன் கொடியில் மீனவரின் படத்தை எழுதியது என்பதை எண்ணும்போது இது நெஞ்சைத் தொடுகிறது. கடலை மீட்டுத் தருவோம் என்று அவர்களுக்கு வாக்களிக்கப்பட்டது. அயல்நாட்டார் பிரிட்டனின் கடலில் பிடித்த மீனில் கால் பங்குதான், அதுவும் ஐந்தரை ஆண்டுகளில் சிறிது சிறிதாக, திரும்பி வருவதாயிற்று. எஞ்சிய அனுமதி 2025 மே மாத உடன்பாட்டால் 2038 வரை நீட்டிக்கப்பட்டது.

இலண்டன் பொருளியல் கல்லூரியின் ஆய்வாளர் 2024இல் கண்டது யாதெனில், பெரிய நிறுவனங்கள் படிவம் நிரப்ப ஆட்களை அமர்த்தித் தப்பித்துக்கொண்டன. சிறியவை அவ்வாறு செய்ய இயலவில்லை. ஒன்றியத்திற்கு ஏற்றுமதி செய்துவந்த சுமார் 16,400 நிறுவனங்கள் அத்தொழிலையே விட்டுவிட்டன. உணவு இறக்குமதியிலும் படிவச் செலவு ஏறி, 2023 மார்ச் வரை குடும்பத்திற்குச் சராசரி 250 பவுன் கூடுதல் செலவாயிற்று என்று அதே கல்லூரியின் மற்றோர் ஆய்வு கூறுகிறது. வருமானத்தில் பெரும்பங்கை உணவுக்கே செலவிடும் ஏழைக்கு இது கனமாக விழுந்தது.

இதற்கு நேர்மாறான பக்கமும் உண்டு. காப்பீடு, சட்டம், ஆலோசனை போன்ற சேவைகளின் ஏற்றுமதி பலர் அஞ்சியதைவிட நன்றாகவே வளர்ந்தது. கொள்கலனில் ஏற்றும் பொருளுக்கு நேர்ந்தது, கம்பி வழியே போகும் ஆலோசனைக்கு நேரவில்லை. ஆகவே, இலண்டன் அலுவலகத்திலிருப்பவர் "ஒன்றும் ஆகவில்லையே" என்பதும், ஸ்காட்லாந்து வாணிபர் "அழிந்தோம்" என்பதும் அவரவர் அளவில் மெய்யே.

யாருடைய இழப்பு?

இரண்டாவது கேள்வி இது. வாக்கெடுப்புக்கு முன் நியூகாசில் நகரக் கூட்டமொன்றில் பேராசிரியர் ஆனந்த் மேனன், விலகினால் நாட்டின் மொத்த உற்பத்தி குறையக்கூடும் என்று விளக்கிக்கொண்டிருந்தார். கூட்டத்திலிருந்த ஒரு பெண்மணி சினந்து, அது உங்களுடைய உற்பத்தி, எங்களுடையதன்று என்று கூவினார். ஆயிரம் பக்க அறிக்கைகள் காணத் தவறியதை அப்பெண்மணி ஒரே வாக்கியத்தில் கண்டுவிட்டார். வேல்ஸ் பள்ளத்தாக்கில் எஃகு ஆலை மூடிய ஊரில், சுரங்கம் மூடிய வட இங்கிலாந்து ஊரில் வாழ்வோர், நாடு வளர்ந்தபோதும் தாம் வளரவில்லை எனக் கண்டவர்கள். நாடு தளரும் என்று சொன்னால் அவர்கள் ஏன் அஞ்ச வேண்டும்?

ஆனால் துயரம் யாதெனில், வளர்ச்சி அவர்களிடம் வந்து சேரவில்லையாயினும் தளர்ச்சி வந்து சேரும். அரசின் வருவாய் குறையும்போது முதலில் வெட்டுண்பது இலண்டன் மாளிகையன்று. சிற்றூரின் பேருந்தும் நூலகமும் முதியோர் பராமரிப்புமே.

ஸ்விண்டன் நகரில் ஹோண்டா நிறுவனத்தின் கார்த் தொழிற்சாலை 2021 ஜூலையில் மூடப்பட்டது. அந்நகர மக்களில் பெரும்பாலோர் விலகலுக்கு வாக்களித்தவர். "இது விலகலின் பலன்" என்றனர் ஒரு சாரார். மின்சாரக் கார்களின் வரவால் உலகளவில் தொழில் மாறுவதே காரணம் என்றது நிறுவனம். அதே சமயம் சந்தர்லாந்தில் நிசான் நிறுவனத்தின் பெருந்தொழிற்சாலை மூடப்படவில்லை. முதற்கதையை ஒருவரும் இரண்டாம் கதையை மற்றொருவரும் எடுத்துக்கொண்டு வாதிடுவது எளிது. இரண்டையும் ஒரே கையில் வைத்துப் பேசுவோரே அரியர்.

குடியேற்றத்திலும் எதிர்பாராதது நடந்தது. வெளிநாட்டார் வரவு குறையும் என்று நம்பியே பலர் வாக்களித்தனர். ஒன்றியத்திலிருந்து வருவோர் குறைந்தனர்; ஆனால் மருத்துவமனைக்கும் முதியோர் இல்லத்திற்கும் ஆள் வேண்டுமே! இந்தியாவிலிருந்தும் நைஜீரியாவிலிருந்தும் செவிலியரும் பராமரிப்போரும் அழைக்கப்பட்டனர். 2023இல் ஓராண்டு நிகரக் குடியேற்றம் 9 இலட்சத்தைத் தாண்டி உச்சம் கண்டது. நம் பங்குகளிலிருந்தும் அண்டை மாநிலமான கேரளத்திலிருந்தும் சென்ற செவிலியர் பலர் அந்நாட்டுக் கோவில்களில் இன்று நற்கருணைப் பலிக்கு நிற்கிறார்களெனில், அதன் பின்னணியில் இம்மாற்றமும் உண்டு.

எதற்காகக் கொடுத்த விலை?

மூன்றாவது கேள்வியே கடினமானது. தனிக்குடித்தனம் போகிறவன் செலவு கூடும் என்று அறிந்தே போகலாம். தன் அடுப்பைத் தானே மூட்டும் உரிமைக்கு அவன் அவ்வளவு மதிப்பு வைத்திருக்கலாம். தம் சட்டத்தைத் தம் நாடாளுமன்றமே இயற்ற வேண்டும் என்று விரும்பிய கோடிக்கணக்கானோரை அறிவிலிகள் என இகழ்வது அநீதி. மனிதன் அப்பத்தினால் மட்டும் வாழ்வதில்லை என்பதை நாமன்றோ பிறர்க்குச் சொல்ல வேண்டும்? குறை அவ்விருப்பத்தில் இல்லை. விலையே இல்லை, இலாபமே வரும் என்று அவர்களிடம் சொல்லி வாக்குக் கேட்டதிலேதான் குறை.

விலகியதால் கிடைத்த சுதந்திரத்திற்கு ஓர் எடுத்துக்காட்டு நமக்கும் தொடர்புடையது. 2025 ஜூலை 24இல் பிரிட்டன் இந்தியாவுடன் வாணிப ஒப்பந்தம் செய்தது. ஒன்றியத்தில் இருந்திருந்தால் தனித்து இதனைச் செய்திருக்க இயலாது. வரியின்றி நுழையும் வங்கதேச ஆடையோடு போட்டியிட்டுத் திணறிய திருப்பூர்ப் பின்னலாடைக்கு அங்கே இருந்த சுங்க வரியை அகற்றுவது அவ்வொப்பந்தத்தின் ஒரு கூறு. திருப்பூருக்கு அது நற்செய்தி. பிரிட்டனுக்கு? நெடுங்காலத்தில் உற்பத்தி 0.13 விழுக்காடு உயரும் என்பது அந்நாட்டு அரசே தந்த மதிப்பு. விலகலின் இழப்பாகக் கூறப்படும் 4 விழுக்காட்டோடு வைத்துப் பார்த்தால், தொலைவிலுள்ள நண்பன் எவ்வளவு நல்லவனாயினும் பக்கத்துச் சந்தைக்கு ஈடாகான் என்பது விளங்கும்.

பணத்தால் அளக்க இயலாத விலையும் ஒன்று உண்டு. வட அயர்லாந்தில் கத்தோலிக்கரும் புரொட்டஸ்தாந்து சபையினரும் இரு அணியாய் நின்ற முப்பதாண்டுப் பூசலில் 3,500க்கு மேற்பட்டோர் மாண்டனர். 1998இல் பெரிய வெள்ளியன்று முடிந்த உடன்பாடு அதனை அமர்த்தியது. இரு அயர்லாந்துக்கும் இடையே காவற்சாவடியில்லாத எல்லை அவ்வமைதியின் ஓர் அடையாளம். இரு நாடுகளும் ஒரே சந்தையில் இருந்ததால் அது எளிதாயிற்று. விலகியபின் சுங்கச் சாவடியை எங்கே வைப்பது? நிலத்தில் வைத்தால் ஒரு சாரார் மனம் புண்படும். கடலில் வைத்தால் மறுசாரார் மனம் புண்படும். 2023இல் விண்ட்சர் ஏற்பாடு காணும் வரை அந்த மாநில அரசும் ஒன்றியமும் இலண்டனும் பட்ட பாடு பெரிது. பேருந்தில் எழுதிய கணக்கில் இவ்வெல்லைக்கு ஒரு வரிகூட இடமிருக்கவில்லை.

நமக்கு உரியது

2022க்குப் பின் வந்த கருத்துக் கணிப்புகளில், விலகியது தவறு என்போரே பிரிட்டனில் மிகுதி. ஆயினும் 2024 பொதுத்தேர்தலில் இரு பெருங்கட்சிகளும் அதைப்பற்றி வாய் திறக்கத் தயங்கின. வாக்கெடுப்பு நாளில் தகப்பனும் மகளும், கணவனும் மனைவியும் பேசாதிருந்த வீடுகள் பல. அப்புண்ணைத் தொட எவரும் விரும்பவில்லை. பேசாத கணக்கு தீராத கணக்கு என்பதை நம் குடும்பங்களும் அறியும்.

நம் ஊரிலும் நாட்டிலும் பங்கிலும் பிரிவது, சேர்வது, விடுவது, கொள்வது என்னும் கேள்விகள் வரத்தான் செய்யும். அப்போது ஒருவர் பெரிய எண் ஒன்றை ஏந்தி நம்மிடம் வருவார். அவரிடம் சினமின்றி மூன்றைக் கேட்போம்: எதனோடு ஒப்பிட்டு இதைச் சொல்கிறீர்? இதில் யார் இழப்பர், யார் பெறுவர்? எந்த நன்மைக்காக இந்த விலையைக் கொடுக்கச் சொல்கிறீர்? இம்மூன்றுக்கும் நேர்மையாக விடை தருகிறவர் நம் பக்கத்தவராயினும் எதிர்ப்பக்கத்தவராயினும் அவர் சொல்லைச் செவிகொடுத்துக் கேட்பது நம் கடன். மூன்றையும் கேட்டபின் மனமார ஒரு முடிவு செய்தால், அதன் செலவு வரும் நாளில் ஒருவரையொருவர் பழிக்காமல் சுமக்கவும் முடியும்.